உருண்டைக்குள் வைத்த காரம்

அறுபத்தேழோ அறுபத்தெட்டோ, வருஷம் சரியாக நினைவில்லை. என் மூத்த மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள், அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஓசூரில் தேர்த் திருவிழா. அன்று காலை நான் செய்த ஒரு காரியத்தால் தேர் நிலையை விட்டு நகராமலே போயிருக்கும். இன்று வரைக்கும் ஊரில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். நானும் போவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்களும் அவசரப்படாமல் படியுங்கள்.

இப்போது இருக்கிற கம்பெனிகள், சங்குச் சத்தம், ஷிப்டு பஸ் எதுவும் அப்போது கிடையாது. பெங்களூர் போகிற லாரிகள் நின்று மூச்சு வாங்குகிற ஒரு சின்ன ஊர், அவ்வளவுதான். உட்கார்ந்து சாப்பிட மூன்று இடம். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு காபி கிளப், கடைவீதியில் ஒரு பிராமணாள் ஓட்டல், தேர்ப்பேட்டையில் எங்கள் கடை. கண்ணுக்கும் காதுக்கும் விருந்து வேண்டும் என்றால் ஊருக்கு வெளியே டூரிங் டாக்கீஸ் ஒன்று இருந்தது. அதை விட்டால் வருஷத்துக்கு ஒரு முறை வருகிற தேர்த் திருவிழாதான். சுற்றுப்பக்கத்து ஜனங்கள் கெலமங்கலத்திலிருந்தும் தேன்கனிக்கோட்டையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். வந்தவர்கள் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

எங்கள் கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. "காரத்துக்காரம்மா கடை" என்றால் லாரிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்தப் பக்கத்துச் சாப்பாடு ராகிக் களியும் உப்புச்சாறும். கீரையும் பருப்பும் வேகவைத்த தண்ணீரில் உப்புப் போட்டு இறக்கினால் உப்புச்சாறு. சாற்றில் மிளகாய் இருக்காது. காரம் தனியாக அரைத்து வைப்போம். காய்ந்த மிளகாயைத் தணலில் சுட்டு, பூண்டு, மிளகு, கொஞ்சம் புளி வைத்து அம்மியில் அரைத்தால் அதற்குப் பெயரே காரம்தான். நான் பிறந்தது சிங்காரப்பேட்டைப் பக்கம், விவசாயக் குடும்பம். ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் இந்தச் சமையலைக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட இரண்டே வருஷத்தில் ஊரில் பிறந்தவர்களே என் காரத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கன்னட லாரிக்காரர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே "சென்னாகிதே அம்மா" என்று அவர்கள் பாஷையில் மெச்சி இன்னொரு உருண்டை கேட்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வருஷம் தேருக்கு யார் வாசிப்பது என்று ஊரில் சண்டை. இளவட்டங்கள் பெங்களூரிலிருந்து பேண்டு செட்டு வரவழைக்க வேண்டும் என்றார்கள். கோயில் பெரியவர் ஒருத்தர், தெலுங்கு பேசுகிறவர், தேருக்கு முன்னால் நாயனம்தான், அதாவது நாதஸ்வரம்தான், போக வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். கடைசியில் அவர் பேச்சு எடுபட்டது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாயனக்காரரை அழைத்துவந்தார்கள். பேண்டு கட்சிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். இந்த ஒரு வருஷம் பார்ப்போம், சரியில்லை என்றால் அடுத்த வருஷத்திலிருந்து பேண்டுதான் என்று. எங்கள் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டேதான் இதையெல்லாம் பேசி முடித்தார்கள். பரிமாறிக்கொண்டே நானும் கேட்டேன்.

நாயனக்காரர் ஐம்பது வயசு மனிதர். ஒல்லி. அவருடைய தம்பி அவரோடு சேர்ந்து இரண்டாவது நாயனம் வாசிப்பார். தவிலுக்கு ஒருத்தர், தாளத்துக்கு ஒருத்தர். எங்கள் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் தங்கவைத்து, சாப்பாட்டை எங்கள் பொறுப்பில் விட்டார் பெரியவர். "ஏம்மா, வெளியூர்ல இருந்து வந்த வித்துவான்க. ஊரு மானம் உன் கையில கீது" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். கேட்கவா வேண்டும்? அன்றைக்கே புது மிளகாயாகப் பார்த்து எடுத்து இரண்டு படி காரம் அரைத்தேன்.

முதல் நாள் மத்தியானம் இலை போட்டேன். தவில்காரர் காரத்தைச் சோற்றில் பிசைந்து, கண்ணில் தண்ணீர் வர, "யம்மாடி! இது காரமா, காளவாயா?" என்று சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார். தம்பியும் இரண்டு முறை வாங்கினார். நாயனக்காரர் மட்டும் இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தார்.

"எனக்கு வேணாம்மா. தயிர்சாதம் போதும். ரசத்துலகூட மிளகாய் வேணாம்."

"ஒரு துளி வச்சுப் பாருங்க. இந்த ஊருக்கு வந்துட்டு இதைச் சாப்பிடாம போறதா?"

"தேரு நிலைக்கு வர்ற வரைக்கும் வேணாம்மா. வெண்ணெய் இருந்தா கொஞ்சம் குடுங்க."

வெண்ணெய் கேட்டதும் எனக்கு மனசுக்குள் சுருக்கென்றது. காவிரித் தண்ணீர் குடித்தவர், நெல்லுச்சோற்றுக்காரர், நம்ம ராகியையும் மிளகாயையும் மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ராத்திரியும் தயிர்சாதம். மறுநாளும் தயிர்சாதம். ஒவ்வொரு வேளையும் கொட்டைப்பாக்கு அளவு வெண்ணெய் வாங்கிக்கொண்டு போவார். கடையில் இருக்கிறவர்களிடம் எல்லாம் என் காரத்தைப் பற்றி நல்ல வார்த்தை வாங்கிவிட்டேன், இந்த ஒரு மனிதரிடம் வாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அவரு சாப்பிடலன்னா உனுக்கு இன்னாடி? உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமா?"

"நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றேன். விழுந்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது.

தேர் அன்று விடிகாலையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. களியைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். களியை நாங்கள் மெல்ல மாட்டோம். கிள்ளி, சாற்றில் தொட்டு, நாக்கில் வைத்து அப்படியே விழுங்கிவிடுவோம். பல்லுக்கு அங்கே வேலையில்லை. பால் பல் முளைத்த பிள்ளைக்கே இதைச் சொல்லித்தான் ஊட்டுவோம். ஆகவே நான் என்ன கணக்குப் போட்டேன் என்றால், ஒரு சின்ன உருண்டைக்கு நடுவில் சுண்டைக்காய் அளவு காரத்தை வைத்து மூடிவிட்டால், அவர் விழுங்கும்போது வாயில் படாது. வயிற்றுக்குப் போய் ஒரு கதகதப்பு கிளம்பும். ஏப்பத்தில் பூண்டு வாசமும் மிளகு வாசமும் வரும். அப்போது அவரே கேட்பார், "என்னம்மா இது, இவ்வளவு நல்லா இருக்கு?" என்று. அப்போது சொல்லிக்கொள்ளலாம். ரொம்பக் கெட்டிக்காரத்தனமான யோசனை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு அவர் இலையில் உட்கார்ந்தார். தயிர்சாதத்துக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு களி உருண்டையை வைத்து, மேலே நெய் ஊற்றினேன்.

"தேரு அன்னிக்கி இந்த ஊருல களி சாப்பிடாம யாரும் வெளிய போவ மாட்டாங்க. நாலு வீதி நிக்கணும், நடக்கணும். தெம்பு வேணுங்க."

அவர் உருண்டையைப் பார்த்தார். "காரம் கீரம் இல்லையே?"

"சாறு ஊத்தவே இல்லீங்க, நெய்தான்" என்றேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. சோறு போடுகிறவள் சொன்னதை மறுக்கக் கூடாது என்பது மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்து, அவர் உருண்டையை முழுசாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

போட்டு மென்றார்.

நெல்லுச்சோற்றுக்காரர் மெல்லாமல் என்ன செய்வார்? இவ்வளவு யோசித்த எனக்கு அந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் களியை மென்ற மனிதரை நான் அதுவரைக்கும் பார்த்ததே இல்லை.

இரண்டாவது மெல்லலில் அவர் முகம் மாறியது. துப்பவில்லை. இலையில் துப்பினால் அன்னத்துக்கு மரியாதைக் குறைச்சல் என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வர, எல்லாவற்றையும் உள்ளே இறக்கிவிட்டுத்தான் எழுந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நான் சொம்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் துண்டை எடுத்தபோதுதான் அந்த வாயைப் பக்கத்தில் பார்த்தேன்.

உதடு முழுக்க வெடிப்பு. கீழுதட்டில் நடுவே ஒரு பிளவு, அதில் ரத்தம் காய்ந்திருந்தது. அதன் மேல்தான் என் காரம் இறங்கியிருக்கிறது.

அதற்குள் தம்பியும் வந்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அண்ணன் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"ரெண்டு நாளா அண்ணனுக்கு உதடு வெடிச்சுக் கெடக்கும்மா. வர்ற வழியிலேயே புடிச்சுது, உங்க ஊரு பனியும் காத்தும் எங்களுக்கு ஒத்துக்கல. மிளகாய் பட்டா நாயனத்தை வாயில வைக்க முடியாதுன்னுதான் வேணாம் வேணாம்னாரு. வெண்ணெய் வாங்கினதே உதட்டுல தடவத்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றேன்.

"யாருகிட்ட சொல்றது? வாசிக்க வந்தவன் உதடு சரியில்லன்னு ஊருக்குள்ள தெரிஞ்சா, பேண்டு செட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? அந்தப் பெரியவரு எங்களை நம்பி மார் தட்டியிருக்காரு."

தேர் கிளம்ப ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. நாயனத்தின் நுனியில் சீவாளி என்று நாணல் தட்டையில் செய்த ஒன்றைச் செருகி, அதை உதட்டில் கவ்வித்தான் ஊதுவார்கள். அந்தப் பிளந்த உதட்டில், எரிகிற உதட்டில், எதைக் கவ்வுவது? தம்பி அண்ணனுக்குத் துணையாக நின்று வாசிக்கிறவர். தேர் எடுக்கிறபோது முதல் வாசிப்பு அண்ணனுடையதாகத்தான் இருக்க வேண்டும். ஊரே அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

என்னால் என்ன முடியுமோ அதைச் செய்தேன். பானையில் இருந்த எருமைத் தயிரின் ஆடை முழுவதையும் வழித்து வந்து கொடுத்தேன். வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்லி நாட்டுச் சர்க்கரை கொடுத்தேன். அப்போதுதான் கடைந்த வெண்ணெயை வாழையிலையில் வைத்துக் கொடுத்தேன். அடுப்படியில் பலகை போட்டு அவரை உட்காரவைத்து, விசிறியால் விசிறினேன். கடையில் பசியோடு காத்திருந்தவர்களை எல்லாம் என் வீட்டுக்காரர் ஒற்றை ஆளாகச் சமாளித்தார். அவர் ஒரு முறை உள்ளே எட்டிப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "தண்ணி இன்னும் சேந்திக்கினு வரட்டா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பெரியவர் வந்துவிட்டார். வாசலிலேயே குரல். "ஏம்மா, அந்தரூ தின்னாரா? எல்லாரும் சாப்பிட்டாச்சா? வித்துவான் எங்க? நேரம் ஆச்சே!"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து வெளியே வந்தேன். "ஐயா, தப்பு எம்மேலதான்..." என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து நாயனக்காரர் குரல் வந்தது. மெழுகு உருகுகிற மாதிரி மெதுவான குரல்.

"தப்பு ஒண்ணுமில்லீங்க. அம்மா களி குடுத்தாங்க, பழக்கமில்லாம கொஞ்சம் நெஞ்சை அடைச்சிடுச்சு. சீவாளி ஊறணும். அரை மணி நேரம் குடுங்க, வந்துடறேன்."

பெரியவர் சிரித்துக்கொண்டே போனார். நான் நாயனக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். தலையை லேசாக ஆட்டி, பேசாதே என்று கையைக் காட்டினார். அந்தக் கையில் வெண்ணெய்ப் பிசுக்கு மின்னியது. அவருக்கு நான் வைத்ததைவிடப் பெரிய காரம் அது. இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

அரை மணி கழித்து அவர்கள் கிளம்பினார்கள். கிளம்பும்போது நாயனக்காரர் தவில்காரரிடம், "இன்னைக்கு உன் ஆசை தீர வாசிடா. நான் கை தூக்கற வரைக்கும் நிறுத்தாதே" என்றார். குழந்தையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, வெண்ணெயை ஈர இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு தேரும் கண்ணால் பார்த்ததில்லை. தேர் அன்றைக்குத்தானே கடையில் கூட்டம். மேளச் சத்தம் கேட்டால் உலையில் தண்ணீர் ஊற்ற நேரமாகிவிட்டது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

தேருக்கு முன்னால் தலைதான் தெரிந்தது, மண் தெரியவில்லை. வடத்தில் கை வைத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் காத்திருந்தார்கள். தவில் ஆரம்பித்தது. தவில்காரர் வாசிக்க வாசிக்க ஜனங்கள் தலையை ஆட்டினார்கள், அப்புறம் கையைத் தட்டினார்கள். நாயனம் இன்னும் எழும்பவில்லை. தவில்காரர் வேர்த்து வடிய வாசித்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பக்கத்தில் பேண்டு கட்சிக்காரர்கள் நாலு பேர்.

"இன்னாப்பா, தவில் கச்சேரியா? நாயனத்துக்கு வாய் கட்டிப்போட்டுட்டாங்களா?"

"ஊதறதுக்கு மூச்சு இல்லையோ இன்னாவோ. தயிர்சாதம் சாப்பிட்டா மூச்சு எங்க வரும்? பேண்டுக்காரன்னா பிரியாணி சாப்பிட்டு ஊதுவான்!"

சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "உங்க வாயை அஞ்சு நிமிசம் மூடுனா அவரு வாய் தானா திறக்கும். கொஞ்சம் சும்மா இருங்கப்பா" என்றேன். எங்கள் கடையில் சாப்பிடுகிறவர்கள்தான். "காரத்துக்காரம்மா சொல்லிட்டாங்க, விடுங்கடா" என்று அடங்கினார்கள்.

நாயனக்காரர் கையைத் தூக்கினார். தவில் நின்றது. சீவாளியை உதட்டில் வைத்தார். வைத்ததும் கண்ணை இறுக்கி மூடினார். அது எரிச்சல் என்று அத்தனை ஜனத்தில் எனக்கும் அவர் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

சத்தம் வந்தது. ஆனால் நான் அடுப்படியிலிருந்து கேட்டுப் பழகிய அந்தக் காதைப் பிளக்கிற சத்தம் இல்லை. கீழே, அடியில் எங்கேயோ இருந்து, மாடு கன்றைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவு மெல்லியது. முன்னால் நின்றவர்களுக்குத்தான் கேட்டது. பின்னால் நின்றவர்கள் "சும்மா இருங்க, சும்மா இருங்க" என்று ஒருத்தரை ஒருத்தர் அடக்கினார்கள். அந்த அமைதி அலை மாதிரி கடைசி வரைக்கும் போனது. பலூன்காரன்கூட பீப்பியை நிறுத்திவிட்டான். அந்த நாதத்தில்தான் வடம் இறுகியது, தேர் ஒரு முறை முனகியது, நகர்ந்தது.

என்ன ராகம் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அந்த உதடு ஒன்றுதான். ஒவ்வொரு மூச்சுக்கும் இது தாங்குமா, அடுத்தது தாங்குமா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். மேலே போக வேண்டிய இடம் வரும்போது அவர் தம்பியைப் பார்ப்பார். தம்பி எடுத்துக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டு வந்து, பிள்ளையை மடியில் விடுகிற மாதிரி அண்ணனிடம் விட்டுவிடுவார். இப்படி மூச்சு மூச்சாகக் கேட்டதால் அந்த வாசிப்பில் ஒரு இழைகூட நான் தவறவிடவில்லை. அதற்கு முன்னால் நான் சங்கீதம் கேட்டதே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். என் காதில் விழுந்திருக்கிறது, நான் கேட்டதில்லை.

தேர் ஒவ்வொரு முனையிலும் திரும்புவதற்காக நிற்கும். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தில் நான் போய் இலையைப் பிரிப்பேன். அவர் விரலால் வெண்ணெய் எடுத்துத் தடவிக்கொள்வார். "கோயில் பிரசாதமா?" என்று ஒரு அம்மாள் கேட்டு அவளும் கை நீட்டினாள். அவளுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

மூன்றாவது வீதியில் எரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். திடீரென்று அவர் தம்பியைப் பார்க்காமல் தானே மேலே போனார். தம்பி நாயனத்தை இறக்கிவிட்டு அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது எனக்கு வந்த அழுகையை முந்தானையில் அடக்க முடியவில்லை. பேண்டு கட்சிக்காரர்களில் ஒருத்தன் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, பக்தி முத்திப் போச்சா?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன்.

வெயில் சாய்வதற்குள் தேர் நிலைக்கு வந்தது. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஓடி வந்தார். "இன்னா வாசிப்பு இன்னா வாசிப்பு! ஆனா ஒண்ணு கேக்கறன், ஆரம்பத்துல ஏன் அவ்ளோ மெதுவா?"

"தேரு மெதுவாப் போச்சுங்க. நானும் அது கூடவே போனேன்" என்றார் நாயனக்காரர்.

மறுநாள் காலையில் அவர்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். இலையில் வந்து உட்கார்ந்தார். நான் பயந்துகொண்டே தயிர்சாதத்தை வைத்தேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத வாய். அவர் சாதத்தைத் தள்ளி வைத்தார்.

"இன்னைக்கு நாயனத்தைத் தொடப் போறதில்ல. அந்தக் களியைக் குடுங்கம்மா. அது என்னன்னு பாத்துடறேன்."

"மெல்லக் கூடாதுங்க" என்றேன், அழாத குறையாக.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே!" என்றார். நேற்று நான் கேட்ட அதே கேள்வி. தம்பி சிரித்தார், தவில்காரர் சிரித்தார், என் வீட்டுக்காரர் அடுப்படியில் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். எதிரில் உட்கார்ந்து, எப்படிக் கிள்ளுவது, எப்படித் தொடுவது, எப்படி விழுங்குவது என்று காட்டினேன். முதல் உருண்டை அவர் தொண்டையில் நின்று கண்ணை உருட்டவைத்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது வழுக்கிக்கொண்டு போனது. "ஆ! போயிடுச்சு!" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் ஈர்க்குச்சி நுனியில் கொஞ்சமாகக் காரத்தை எடுத்து, உதட்டில் படாமல் நாக்கின் நடுவில் வைத்துக்கொண்டார்.

"இதை அரைக்கறதுக்கு எவ்வளவு நாழி ஆகும்?"

"நல்லா மைய வர்றதுக்கு ஒரு நாழி ஆகுங்க."

"தெரியுது. கை நின்னு அரைச்சிருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். லாரிக்காரர்கள் சொன்னதை எல்லாம் ஒரு தட்டிலும் இதை ஒரு தட்டிலும் வைத்தால், இதுதான் கீழே இறங்கும். அவர்கள் காரத்தைப் புகழ்ந்தார்கள். இவர் அரைத்த கையைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஒரு சின்ன ஜாடியில் காரம் போட்டு மேலே நல்லெண்ணெய் ஊற்றிக் கட்டிக் கொடுத்தேன்.

பேண்டு செட்டு பேச்சை அடுத்த வருஷம் யாரும் எடுக்கவில்லை. அவர்தான் வந்தார். அதற்கு அடுத்த வருஷமும், அப்புறமும் பல வருஷம் வந்தார். வந்த உடனே பெட்டியைக்கூட இறக்காமல் கடைக்கு வருவார். நான் இலையைப் போட்டுவிட்டு, காரக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். ஒன்றும் கேட்க மாட்டேன். "இந்த வருஷம் உதடு நல்லா இருக்கும்மா, வைங்க" என்பார். சில வருஷம், "கொஞ்சம் வெடிச்சிருக்கு, வெண்ணெய் மட்டும்" என்பார். அழைத்து வந்த பெரியவருக்கும் தெரியாது, கேட்கக் காத்திருக்கிற ஊருக்கும் தெரியாது. அவர் உதட்டின் நிலவரத்தை அவர் வாய் திறந்து சொன்னது என் ஒருத்தியிடம்தான். எனக்குக் கிடைத்த மரியாதைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை.

கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். வீட்டில் மட்டும் இன்னும் அம்மியில் காரம் அரைக்கிறேன். கம்பெனி வேலைக்கு வந்து எங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிற பிள்ளைகள், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவார்கள். அதில் யாராவது இலைக்கு மேலே கையைக் குறுக்கே வைத்தால், கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். அந்தக் கைக்கு அடியில் என்ன புண் இருக்கிறதோ, அதைச் சொல்லலாமா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். சொல்லும் வரைக்கும் என் கையில் கொஞ்சம் வெண்ணெய் இருந்தால் போதும்.